வீட்டுக் குப்பை எடுக்க உங்கள் ஊரில் எவ்வளவு? எதை வைத்துக் கணக்கு?

ஹொசூர் ரோட்டான் | பெங்களூரு

எல்லோருக்கும் வணக்கம். சொத்து வரி கட்டப் போனால் குப்பைக்கான பயன்பாட்டுக் கட்டணம் என்று 1200 ரூபாய் தனியாக ஏறியிருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வந்த கணக்கு இது. கட்டடப் பரப்பு 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், 1000 வரை 50, 2000 வரை 100, 3000 வரை 150, 4000 வரை 200, அதற்கு மேல் போனால் 400. என் ஃபிளாட் 1400 சதுர அடி, அதனால் மாதம் நூறு. சொத்து வரியோடு குப்பை செஸ் (கூடுதல் வரி) என்று ஒன்று முன்பே இருந்தது. அதனால்தான் இரட்டை வசூல் என்று இங்கே பலரும் சத்தம் போட்டார்கள்.

மாதம் நூறு ரூபாய் எனக்குப் பெரிய பாரம் இல்லை. ஆனால் குப்பையைச் சதுர அடியால் அளப்பது எந்த ஊர் நியாயம்? 2500 சதுர அடி வீட்டில் வயதான தம்பதி இரண்டே பேர் இருந்தால் 150 ரூபாய். 900 சதுர அடியில் ஏழு பேர் இருந்து, நாள்தோறும் பார்சல் சாப்பாடும் ஆன்லைன் அட்டைப்பெட்டியுமாகத் தள்ளினாலும் 50 ரூபாய்தான். உங்கள் ஊரில் எவ்வளவு, எதை வைத்து வசூலிக்கிறார்கள், பணம் யார் கைக்குப் போகிறது? வெளிநாட்டில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்தான் | சென்னை

எங்களுக்குத் தனியாக எதுவும் இல்லை. 2021 ஜனவரியிலிருந்து வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை என்று மாநகராட்சி அறிவித்தது. தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பக்கமும் எதிர்ப்பு கிளம்ப, நடைமுறைக்கு வருமுன்பே கைவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டுக் குப்பையில் கை வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கட்டட இடிபாட்டுக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஒரு டன் வரை இலவசம், அதற்கு மேல் 20 டன் வரை டன்னுக்கு 2500 ரூபாய். பாத்ரூம் டைல்ஸ் மாற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கான்ட்ராக்டரிடம் பேசுங்கள், அவர் தனியாக ஒரு தொகை சொல்வார். பழைய சோபா, மெத்தை, துணி, மின்சாதனம் எல்லாம் 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து இலவசமாக எடுக்கிறார்கள். ஆக சென்னைதான் மலிவு!

பேரேடு | மதுரை

நகராட்சிக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். 'இலவசம்' என்று மடிப்பாக்கத்தார் எழுதியதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

பயன்பாட்டுக் கட்டணம் என்பது பெங்களூர்க்காரர்களின் கண்டுபிடிப்பு இல்லை. 2016-ல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, குப்பை உண்டாக்கும் ஒவ்வொருவரும் உள்ளாட்சி நிர்ணயிக்கும் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு, எப்படி என்பதை அந்தந்த ஊரின் துணைவிதிகளுக்கு விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஊருக்கு ஒரு கணக்கு.

வசூலிக்காத ஊரில் செலவு இல்லாமல் போய்விடுமா? சொத்து வரி, மாநில நிதிப் பகிர்வு, மானியம் என்று பொதுப் பணத்திலிருந்து போகும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் வண்டி வாடகைக்கும் டீசலுக்கும் போய்விடும். எடுத்த குப்பையை என்ன செய்வது என்ற இடத்துக்கு வரும்போது பெட்டியில் ஒன்றும் இருக்காது. அதனால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்கள். பெருங்குடியும் கொடுங்கையூரும் அப்படி வளர்ந்த மலைகள்தாம். இப்போது அந்தப் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலைக்குப் பெருங்குடியில் சுமார் 350 கோடி, கொடுங்கையூரில் சுமார் 640 கோடி. பத்து ரூபாய் கேட்டதற்கு வேண்டாம் என்றோம், சரி. அந்தக் கோடிகள் யார் பாக்கெட்டிலிருந்து என்று மடிப்பாக்கத்தார் சொல்லட்டும்.

மடிப்பாக்கத்தான் | சென்னை

ஐயா, மலை வளர்ந்தது எங்களால் மட்டுமா? 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கு பற்றி எரிந்தபோது அந்தப் புகையைத் தின்றதும் தென்சென்னைக்காரர்கள்தான். கட்டணம் வாங்கியிருந்தால் மட்டும் ஒழுங்காகப் பிரித்திருப்பார்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா?

பேரேடு | மதுரை

நம்பச் சொல்லவில்லை. தனிக் கணக்காக வாங்கினால், அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்க ஒரு வரி கிடைக்கும். பொதுப் பணத்தில் கலந்துவிட்டால் அதைத் தேடிப் பிடிக்க என்னைப் போன்ற நாலு பேர் வேண்டும்.

நொய்யல் | கோவை

எங்கள் பக்கம் சொத்து வரி ரசீதிலேயே குப்பைக் கட்டணம் ஒரு வரியாக இருக்கிறது. அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. "குப்பை வரி" என்று பேப்பரில் செய்தி வரும்போதுதான் 'ஓ, இதையும் கட்டிக்கொண்டிருக்கிறோமா' என்பார்கள்.

இதைத் தாண்டி இன்னொரு கட்டணம் இருக்கிறது, எந்த ரசீதிலும் வராது. பேட்டரி வண்டியோடு வரும் அக்காவுக்கு மாதம் ஐம்பது, தீபாவளிக்கு இருநூறு, பொங்கலுக்கு ஒரு புடவை. எங்கள் தெருவில் கொடுக்காத வீடு இல்லை. அவர் கேட்டு வாங்குவதில்லை, ஆனால் கொடுக்காவிட்டால் மனசு ஒப்பாது. ஒப்பந்த நிறுவனம் கொடுக்கும் சம்பளத்தில் பிடித்தம் போக அவர் கைக்கு வருவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். வெளியூர் ஆட்கள் கணக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாலக்காட்டுத் தமிழன் | பாலக்காடு

எங்கள் பஞ்சாயத்தில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். நகரப் பகுதி என்றால் பெரும்பாலும் 70. வாங்க வருவது ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் குழு. குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் சுயஉதவி அமைப்பு வழியாக வந்தவர்கள், பச்சைச் சீருடையில் மாதம் ஒரு தடவை வருவார்கள். பிளாஸ்டிக், கண்ணாடி, பழைய செருப்பு, பை என்று மக்காதது மட்டும்தான் எடுப்பார்கள். கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். பால் கவரைக் கழுவாமல் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், முகத்துக்கு நேராக. கதவோரம் ஒட்டியிருக்கும் கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்து ரசீதும் போட்டுவிடுவார்கள்.

மக்கும் குப்பை உங்கள் பாடு. மண் குழி, ரிங் கம்போஸ்ட், பயோகேஸ், எதுவோ ஒன்று.

வளையப்பட்டி | சேலம்

ஒரு நிமிஷம். மாதத்துக்கு ஒரு முறை வந்து, நாமே கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துப் போக ஐம்பது ரூபாயா? அந்தப் பிளாஸ்டிக்கைக் காயலான் கடைக்காரர் கிலோவுக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வாரே. இது பகல் கொள்ளை.

பாலக்காட்டுத் தமிழன் | பாலக்காடு

காயலான் கடைக்காரர் வாங்குவது தண்ணீர் பாட்டிலும் எண்ணெய் கேனும். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை, கிழிந்த ரெக்சின் பை, இதையெல்லாம் அவரிடம் கொண்டுபோய்ப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று. விலை இல்லாத சரக்கை எடுத்துப் போகத்தான் கட்டணம். விலையுள்ளதை நான் இன்னும் ஆக்கிரிக்காரருக்குத்தான் (எங்கள் ஊர்க் காயலான் கடைக்காரர்) போடுகிறேன். அதற்குத் தடையில்லை.

இங்கேயும் சண்டை இருந்தது. "என் வீட்டில் பிளாஸ்டிக்கே இல்லை, ஏன் கட்டணும்" என்று வாசலில் வைத்து அந்தப் பெண்களைத் திட்டியவர்கள் உண்டு. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு பத்து நாளுக்கு மேல் எரிந்து நகரமே புகையில் கிடந்த பிறகு அரசு பிடியை இறுக்கியது. கட்டாத பாக்கியைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கலாம் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். அதி ஏழைக் குடும்பங்களுக்கு விலக்கு இருக்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு. வருகிற பெண்களுக்கு வருமானமே இந்தக் கட்டணம்தான். நான் கொடுக்கும் ஐம்பது எங்கே போகிறது என்று எனக்குக் கண்ணெதிரே தெரியும்.

தாமிரபரணிக்காரன் | நெல்லை

பாலக்காட்டு நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தின் ஒழுங்கைப் பற்றிப் பேசினால் எங்களுக்கு நடுக்கல்லூர்தான் நினைவுக்கு வரும். 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து மருத்துவமனைக் கழிவை லாரியில் கொண்டுவந்து எங்கள் மாவட்டத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு கேரள அதிகாரிகளே வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். முறைப்படி அழிக்க ஆகும் செலவைவிட லாரி வாடகையும் இங்கே ஒரு தரகருக்குக் கமிஷனும் மலிவு. கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் யோசியுங்கள். அங்கே ஒழுங்காக அழிக்க விலை ஏற ஏற, கேட்பாரற்ற அடுத்த ஊர் நிலத்துக்கு வண்டி திரும்பும்.

பாலக்காட்டுத் தமிழன் | பாலக்காடு

கோபமில்லை. அது நடந்தது உண்மை, வெட்கக்கேடுதான். ஆனால் அது ஆஸ்பத்திரிக் கழிவு. வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்குவதோடு அதைச் சேர்க்காதீர்கள்.

சூரிச் பொடியன் | சுவிட்சர்லாந்து

நீங்கள் எல்லாரும் மாதக் கணக்குக் கதைக்கிறீர்கள். இங்கே பைக் கணக்கு. கஞ்சல் போடுகிற பையையே நகரசபை முத்திரையோடு கடையில் விற்கிறார்கள். 35 லீட்டர் பை ஒன்று, ஊரைப் பொறுத்து ஒன்றரை பிராங்கிலிருந்து இரண்டு பிராங்கு மட்டில் வரும். அழிக்கிற செலவு அந்தப் பையின் விலைக்குள்ளேயே இருக்கிறது. வேறு பையில் கட்டி வைத்தால் எடுக்க மாட்டார்கள். அது மட்டுமில்லை, பையைப் பிரித்து உள்ளே கிடக்கிற கடித உறையில் பெயர் பார்த்து அபராதம் அனுப்புகிற ஊர்களும் உண்டு. இதைவிட வருடத்துக்கு ஒரு அடிப்படைக் கட்டணமும் பல இடங்களில் இருக்கிறது.

செங்காலன் (St. Gallen) நகரம் 1975-லேயே தொடங்கிவிட்டது. பிரெஞ்சு பேசுகிற பக்கம் வெகுகாலம் இழுத்தடித்தது, வோ (Vaud) மாநிலத்தில் 2013-ல்தான் வந்தது. ஜெனீவாவில் வீடுகளுக்கு இந்தப் பைக் கட்டணம் கிடையாது.

பைக்குக் காசு என்றால் மனிசர் என்ன செய்வார்கள்? பேப்பரைக் கயிறு போட்டுக் கட்டித் தனியே வைப்பார்கள், பெட் (PET) பிளாஸ்டிக் போத்தலைச் சூப்பர் மார்க்கெட்டில் திருப்பிக் கொடுப்பார்கள், கண்ணாடியைப் பொதுத் தொட்டியில் போடுவார்கள். அதுவும் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போடக் கூடாது, சத்தம் கேட்கும் என்று. இதெல்லாம் கழித்து மிஞ்சுவதை அந்தப் பைக்குள் காலால் மிதித்து அடைப்பார்கள். எங்கள் அம்மா அடைக்கிற அடைக்கு ஒரு பை பத்து நாள் தாங்கும்.

ஹொசூர் ரோட்டான் | பெங்களூரு

இதுதான் நான் கேட்ட நியாயம்! போடுகிற அளவுக்குக் காசு. இதை இங்கே கொண்டுவந்தால் என்ன?

வளையப்பட்டி | சேலம்

கொண்டுவாருங்கள். அன்று ராத்திரியே எல்லாம் காலி மனையில் இருக்கும். இல்லாவிட்டால் விடியற்காலையில் தெருமுனையில் எரியும். எங்கள் பக்கம் இலவசமாக எடுக்கும்போதே வாய்க்காலில் போடுகிறார்கள். (ஊர் பெயர் சொல்லவில்லை, சண்டைக்கு வருவார்கள்.)

முதியோர் நலம் | திருச்சி

பை கணக்கு, எடை கணக்கு என்று பேசுகிறவர்கள் வீட்டில் படுத்த படுக்கையாக யாரும் இல்லை போலும். என் மாமியாருக்கு நாளைக்கு நான்கு டயபர். ஒரு கைக்குழந்தை வீட்டிலும் அப்படித்தான். அந்தக் குப்பையைக் குறைக்க எந்தக் கெட்டிக்காரத்தனமும் உதவாது. ஏற்கெனவே மருந்துக்கும் டயபருக்கும் அழுகிறோம், அதை எறியவும் தனியாக அழ வேண்டுமா?

சூரிச் பொடியன் | சுவிட்சர்லாந்து

அக்கா சொல்வது சரி. இங்கேயும் அந்தப் பிரச்சினை வந்தது. அதனால்தான் சில ஊர்களில் குழந்தை பிறந்த வீட்டுக்கு இலவசமாகப் பைகள் கொடுக்கிறார்கள், நோயாளிகளுக்கும் கொடுக்கிற இடம் உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் வேறு. எல்லாருக்கும் கிடைக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

தேக்கா | சிங்கப்பூர்

இங்கே மின்சாரம், தண்ணீர் பில்லிலேயே குப்பைக் கட்டணமும் வந்துவிடும். வீவக வீடு (அரசு கட்டிய அடுக்குமாடி), கொண்டோ (தனியார் அடுக்குமாடி) இரண்டுக்கும் ஒரே தொகை, மாதம் பத்து வெள்ளியை ஒட்டி. தரை வீடு என்றால் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். முன்பு வட்டாரத்துக்கு வட்டாரம் வித்தியாசம் இருந்தது, ஒப்பந்தம் எடுத்த கம்பெனியைப் பொறுத்து. 2020-லிருந்து தீவு முழுக்க ஒரே விலை. தாழ்வாரம் கூட்டுவது, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் நகர மன்றத்துக்குக் கட்டும் வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'குப்பைக்கு எண்பது வெள்ளி கட்டுகிறேன்' என்று புலம்புகிறவர்கள் என் புளோக்கிலேயே இருக்கிறார்கள்.

வசதி என்று பார்த்தால் இதைவிட வசதி இல்லை. வீட்டுக்குள்ளோ மாடியிலோ குப்பைக் குழாய், எந்த நேரமும் போடலாம், எவ்வளவும் போடலாம். அதில்தான் வினையும். எவ்வளவு போட்டாலும் ஒரே பில் என்றால் யார் பிரிப்பார்கள்? இவ்வளவு ஒழுங்கான நாட்டில் வீட்டுக் குப்பை மறுசுழற்சி 2023-ல் வெறும் 12 விழுக்காடு. எரித்த சாம்பலைக் கொட்டும் செமாகாவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். சூரிச் தம்பியின் அம்மா மாதிரி இங்கே யாரும் மிதிப்பதில்லை.

கார்ப்பரேஷன் காலனி | புனே

இங்கே நடப்பது யாரும் சொல்லாத ஒரு வகை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். புனேயில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் 1993-ல் சங்கம் வைத்தார்கள். பிறகு அவர்களே சேர்ந்து ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, 2008 வாக்கில் வீடு வீடாக எடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணத்தை நேரடியாக அந்தப் பெண்ணிடமே கொடுக்க வேண்டும். நான் வந்த புதிதில் முப்பது ரூபாய்க்குள் இருந்தது, இப்போது கூடியிருக்கிறது. குடிசைப் பகுதிக்குக் குறைவு. நாம் பிரித்துக் கொடுக்கும் உலர்ந்த குப்பையை விற்றுவரும் காசும் அவருக்கே.

இதனால் என்ன ஆகிறதென்றால், கலந்து கொடுத்தால் அவர் வயிற்றில் அடிக்கிறோம் என்பது நேராகத் தெரிகிறது. நம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் முகம் தெரியும், பெயர் தெரியும். சானிட்டரி நாப்கினைப் பழைய பேப்பரில் சுற்றிச் சிவப்புக் குறி போட்டுத் தனியாகக் கொடு என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த அம்மாதான். ஆனால் கொடுக்காமல் ஏமாற்றும் வீடுகளும் உண்டு. மாதக் கடைசியில் கதவைத் திறக்க மாட்டார்கள். அந்த நஷ்டம் அவர் தலையில்தான் விழுகிறது. சொத்து வரியோடு பிடித்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பணம் அவர் கைக்கு வந்துசேர எத்தனை மேஜை தாண்ட வேண்டுமோ.

நொய்யல் | கோவை

கடைசி வரியை அப்படியே ஆமோதிக்கிறேன். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தது எதற்கு? இரண்டு மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தால் தங்கள் சம்பளமும் வேலையும் என்ன ஆகும் என்றுதானே. நாம் கட்டும் தொகை ஏறினாலும் இறங்கினாலும் அவர்கள் கையில் என்ன வருகிறது என்று பார்க்கிறோமா?

நிர்வாகி

கட்சிச் சண்டை தொடங்கும் வாசனை வருகிறது. கட்டணம், நடைமுறை இரண்டோடு நிற்போம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

ஸ்காபரோ அப்பா | டொராண்டோ

சுருக்கமாக. இங்கே தொட்டியின் அளவுக்குக் காசு. சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று நான்கு. தண்ணீர் பில்லோடு வரும். மறுசுழற்சி நீலத் தொட்டிக்கும் சாப்பாட்டுக் கழிவுப் பச்சைத் தொட்டிக்கும் தனியாக இல்லை. பச்சை வாரா வாரம் எடுப்பார்கள், மிச்சக் குப்பைக்கான கறுப்புத் தொட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மிச்சத்தை இரண்டு வாரம் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதே பாதிப் பேரைப் பிரிக்க வைத்துவிடும். டயபர் பச்சைத் தொட்டியில் போகும், திருச்சி அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

முதியோர் நலம் | திருச்சி

டயபருக்குத் தனிக் காசு இல்லையா! அது போதும்.

ஒயிட்ஃபீல்ட் அசோசியேஷன் | பெங்களூரு

எங்களது பெரிய வளாகம், நூறு வீட்டுக்கு மேல். எங்கள் மாதிரி இடங்களை பெருமளவில் குப்பை உண்டாக்குவோர் என்று தனி வகையில் வைத்திருக்கிறார்கள். உள்ளேயே உரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி பெற்ற தனியாரை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு மெயின்டனன்ஸில் வரும். சதுர அடிக் கணக்கைப் பார்த்து நண்பர் வருத்தப்படுகிறார், ஆனால் அது வசூலிக்க எளிது என்பதால் வந்தது. வீட்டுப் பரப்பு ஏற்கெனவே வரிக் கணக்கில் இருக்கிறது. பையை எண்ண ஆள் வேண்டும், எடை பார்க்க இயந்திரம் வேண்டும். பெரிய வீட்டுக்காரரிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்கிச் சின்ன வீட்டுக்காரரைப் பத்து ரூபாயோடு விடுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. தண்ணீருக்கு மீட்டர் வைத்துக்கொண்டே கட்டாமல் விடுகிற ஊர் இது.

ஹொசூர் ரோட்டான் | பெங்களூரு

அதை ஒப்புக்கொள்கிறேன், பத்து ரூபாய் அடுக்கைத் தொடக் கூடாது. ஆனால் பிரித்துக் கொடுப்பவனுக்கும் கொட்டிக் கலந்து கொடுப்பவனுக்கும் ஒரே 1200 என்பதை ஒப்ப முடியவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2015-லேயே, குப்பையைப் பிரித்துப் போட வீட்டுக்கு இரண்டு தொட்டி ஒரு பை என்று உத்தரவு போட்டாயிற்று. வீட்டிலேயே கம்போஸ்ட் போடுகிறவருக்கு ஐந்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால்கூடப் போதும். எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. மொட்டை மாடியில் இரண்டு கம்போஸ்ட் தொட்டி வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் காசு கட்டுகிறோமே, பிறகு எதற்கு நாற்றத்தை மேலே ஏற்ற வேண்டும்" என்றார்கள்.

பேரேடு | மதுரை

அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துணைவிதியைத் திருத்தும்போது கருத்துக் கேட்பார்கள், அப்போது அனுப்பலாம். தள்ளுபடி கேட்டு அனுப்புகிறவர்கள் குறைவு, கட்டணத்தை ரத்து செய் என்று அனுப்புகிறவர்கள்தான் அதிகம். கம்போஸ்ட் தொட்டி வைத்ததற்கு போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள்.

பாலக்காட்டுத் தமிழன் | பாலக்காடு

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்த்தூள் ஒரு பிடி போடச் சொல்லுங்கள். மீன் கழிவு மட்டும் முதல் மாதத்தில் வேண்டாம்.

வளையப்பட்டி | சேலம்

மடிப்பாக்கத்தாரே, அந்தச் சனிக்கிழமை சோபா விஷயம். என் தங்கை வேளச்சேரியில் இருக்கிறாள், உடைந்த கட்டில் ஒன்று வராந்தாவை அடைத்துக்கொண்டிருக்கிறது. எப்படிச் சொல்ல வேண்டும்?

மடிப்பாக்கத்தான் | சென்னை

1913-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நம்ம சென்னை செயலியில் பதியலாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுவது நல்லது. மாடி வீடு என்றால் கட்டிலைக் கீழே இறக்கி வைக்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.